கத்தாதவனுக்கு இழப்பீடு கிடையாது

இருந்தவர்கள்:
தொழிலாளர் இழப்பீட்டு அலுவலகத்தின் விசாரணை அதிகாரி.
மனு கொடுத்தவர். துணிக்கடைகளுக்குப் பொம்மை அனுப்பும் கிடங்கில் சுமை தூக்குகிறவர்.
அவருடைய மனைவி. பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். பேச மாட்டேன் என்று சொல்லித்தான் உட்கார்ந்தார்.
பியூன், கதவுக்கு வெளியே, ஸ்டூலில்.
கம்பெனி சார்பில் யாரும் வரவில்லை. கடிதம் மட்டும் வந்திருந்தது.

— அதாவது, கால் கட்டைவிரல் வரைக்கும் எனக்குப் புரியுது. அங்கிருந்து ஒரே தாவலா மண்டைக்குள்ள போறீங்க பாருங்க, அங்கதான் எனக்குப் புரியல.

— கேளுங்க சார். கட்டைவிரல் ஆறிடுச்சு. அதுக்குக் கம்பெனியே கொடுத்துட்டாங்க. நான் கேக்கறது மிச்சம் இருக்கற ஆளுக்கு.

— மிச்சம் இருக்கற ஆளுக்கு எங்க அடி? காட்டுங்க.

— காட்டறேன் சார். முதல்ல பேனாவை ஆட்டுங்க.

— என்னது?

— கையை அசைச்சுக்கிட்டே இருங்க சார். நீங்க பாட்டுக்கு அப்படியே உட்கார்ந்திருந்தா என்னால இங்க உட்கார முடியாது.

— யோசிக்கிறேன்யா. யோசிக்கும்போது நான் அசைய மாட்டேன்.

— அப்ப யோசிக்காம கேளுங்க சார்.

— நான் வாயைத் திறக்கல சார். ஆனா ஆட்டிடுங்க. இல்லைன்னா எழுந்து வந்து கிள்ளிடுவாரு.

— கிள்ளுவாரா? என்னையா?

— உயிர் இருக்கான்னு பாக்கத்தான் சார், வேற கெட்ட எண்ணம் ஒண்ணும் கிடையாது. அன்னிக்கு பேங்க் வாசல்ல நின்னுக்கிட்டிருந்த செக்யூரிட்டியோட கன்னத்தைக் கிள்ளிட்டாரு. அந்த மனுஷன் துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு மார்க்கெட் வரைக்கும் துரத்தினான். ஓடறதைப் பாத்ததும் இவரு நின்னு சிரிக்கிறாரு. ஆளுதான், பொம்மை இல்ல, ஆளுதான்னு. அவன் பிடிச்சு ரெண்டு அறை விட்டான்.

— நீ பேச மாட்டேன்னு சொன்னியேடி.

— நான் எங்க பேசினேன்.

— சரி, ஆட்டறேன். இந்தாங்க, ஆட்டிக்கிட்டே இருக்கேன். போதுமா? இப்ப சொல்லுங்க. டாக்டர் என்ன சொன்னாரு?

— எந்த டாக்டர் சார்?

— மனசுக்குப் பாக்கற டாக்டர். நாங்கதானே அனுப்பினோம். அவரு எழுதிக் கொடுத்தாத்தானே நான் மேல அனுப்ப முடியும்.

— அவரு ரொம்ப நல்ல டாக்டரு சார். ஆனா அவரு வைத்தியமே எதிர்ல உட்கார்ந்து அசையாம கேக்கறதுதான். தாடையில கையை வச்சுக்கிட்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாம. எவ்வளவு நேரம் சார் ஒரு மனுஷன் பொறுத்துக்க முடியும்?

— கிள்ளிட்டீங்களா?

— மூக்கை மட்டும்.

— அதாவது, அதனாலதான் அவரு ‘நோயாளி தாக்கக்கூடியவர்’னு ஒரே வரியில முடிச்சிருக்காரு. நான் என்னமோ ஏதோன்னு நினைச்சேன்.

— எக்ஸ்ரேவும் அப்படித்தான் சார். அசையாதீங்கன்னாங்க. சட்டையை விட்டுட்டு ஓடி வந்துட்டாரு. முடி வெட்டற கடையில, தலையை ஆட்டாதீங்கன்னதுக்குப் பாதியில எழுந்து வந்துட்டாரு. இந்தப் பக்கம் பாருங்க. அந்தப் பக்கம் பாருங்க. ரெண்டும் ஒரே ஆளோட தலையா? வேன்ல பிள்ளைங்க எல்லாம் கேக்குது, ஆன்ட்டி உங்க வீட்டு அங்கிள் ஒருத்தரா ரெண்டு பேரான்னு.

— அம்மா, முடி எங்க சட்டத்துல வராது.

— தூக்கம் வருமா சார்? ராத்திரி என் கால்ல நாடா கட்டி வச்சுக்கிட்டுப் படுக்கறாரு. நடுநடுவுல சுண்டிப் பாக்கறாரு. நான் காலை ஆட்டணும். ஆட்டலைன்னா லைட்டைப் போட்டு, என் கையைப் பிடிச்சுத் திருகிப் பாக்கறாரு, கழண்டு வருதான்னு. கல்யாணம் ஆகி வந்தப்போகூட இவ்வளவு அக்கறையா என்னைப் பாத்ததில்ல. ஆனா எனக்குத் தூக்கம் வேணும் சார்.

— அதாவது, மனைவிக்குத் தூக்கமில்லை. அதுவும் வராது. சரி, விபத்துக்கு வருவோம். கம்பெனி என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? ‘சம்பவத்தின்போது மனுதாரர் பொம்மையாக இருந்தபடியால், அவர் பணியில் இருந்ததாகக் கருத இயலாது.’

— பாத்தீங்களா சார்? எழுத்துலயே ஒத்துக்கிட்டாங்க.

— என்னத்தை ஒத்துக்கிட்டாங்க?

— நான் பொம்மையா இருந்தேன்னு.

— ஏன்யா பொம்மையா இருந்தீங்க? உங்களை யாரு இருக்கச் சொன்னது?

— கேளுங்க சார். எங்க முதலாளி வெளியில எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காரு, எங்க கிடங்குல ஆளே கிடையாது, எல்லாம் மெஷின்தான் பாக்குதுன்னு. அப்பத்தான் பெரிய கடைக்காரங்க மதிப்பாங்களாம். மெஷினும் ஒண்ணு வாங்கினாரு. அது வந்த நாள்லேருந்து மூலையில துணி போத்திக் கெடக்கு. தூக்கறது, அடுக்கறது, தலை மாட்டறது, கை மாட்டறது எல்லாம் நாங்கதான்.

— சரி.

— அதனால கடைக்காரங்க பாக்க வரும்போது எங்க ஒருத்தன் தலையும் தெரியக்கூடாது. மணி அடிக்கும். அடிச்சதும் போய் ஒளிஞ்சுக்கணும். முதல்ல கக்கூஸ்ல ஒளிஞ்சோம். ஒரு கடைக்காரருக்கு அவசரமாகிக் கதவைத் தட்டிட்டாரு. அதுக்கப்புறம் சூப்பர்வைசர்தான் சொன்னான், ஓடிப்போய் ஒளிய வேணாம், பொம்மைங்களோட பொம்மையா நின்னுக்குங்க, எவனுக்குத் தெரியப் போவுதுன்னு.

— நின்னீங்களா?

— நல்லாவே நிப்போம் சார். சேர்ந்த புதுசுல சிரிப்பு வரும். அப்புறம் பழகிடும். ஒருத்தன் தும்மினான், அடுத்த நாள் வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் தும்மறதே இல்ல.

— இதை ஏன் மனுவுல எழுதல?

— எழுதினேன் சார். மனுவைத் திருத்திக் கொடுத்தவரு படிச்சுப் பாத்துட்டு, இதை எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க, கட்டைவிரலோட நிறுத்திக்கோன்னு அடிச்சுட்டாரு.

— அதாவது, அன்னிக்கும் மணி அடிச்சது.

— அடிச்சது. நான் ஆம்பளைப் பொம்மை வரிசையில போய் நின்னேன். கையை இடுப்புல வச்சு, இப்படி, லேசா வானத்தைப் பாத்த மாதிரி. பின்னாடி ரேக்கோட கால் வளைஞ்சிருந்தது. சொல்லிக்கிட்டேதான் இருந்தோம், எவனும் சரி பண்ணல. பொம்மைங்களோட மொத்தமும் சரிஞ்சு என் மேல விழுந்தது. ரேக்கோட விளிம்புதான் கட்டைவிரல்ல இறங்குச்சு.

— கேக்கவே ஒரு மாதிரிதான் இருக்கு.

— பேனா சார்.

— ஆட்டறேன், ஆட்டறேன்.

— கீழே கெடக்கேன். மூஞ்சிக்கு மேல ஒரு மூஞ்சி. வாயைத் திறந்தா அதோட கை வாய்க்குள்ள வருது. அப்ப முதலாளியோட குரல் கேக்குது. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, மெஷின் கொஞ்சம் வேகமா இழுத்துடுச்சுங்கறாரு. சூப்பர்வைசர் ரெண்டு பேரைக் கூப்பிட்டான். புதுப் பசங்க, மெஷினைப் பாத்துக்க வந்தவங்க மாதிரி மெஷின் கம்பெனி உடுப்பைப் போட்டு வச்சிருந்தாங்க. ஒவ்வொண்ணா எடுத்துக் கடைக்குப் போற லாரியில போடறாங்க. என் முறை வந்தது. தலைப் பக்கம் ஒருத்தன், கால் பக்கம் ஒருத்தன்.

— அப்ப அவனுங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. சூடா இருக்குமே உடம்பு.

— ஒருத்தன் சொன்னான், அண்ணே இது ரொம்ப கனமா இருக்கேன்னு. இன்னொருத்தன் சொன்னான், பழைய மாடலுடா, மூஞ்சியும் சரியா வரல பாரு, அடியில போடுன்னு.

— க்கும். அப்புறம்?

— சார், நீங்க சிரிக்கறீங்க.

— இல்லையே.

— தோள்பட்டை குலுங்குது. பரவாயில்ல சார், குலுங்கட்டும். அசையறது எனக்கு நல்லதுதான்.

— சரி. மன்னிச்சுக்குங்க. அதாவது, இங்கதான் என் கேள்வி. இந்தக் கேஸ் மொத்தமும் இந்த ஒரு இடத்துலதான் நிக்குது. கண்ணு முழிச்சிருக்கு. மூச்சு இருக்கு. ரெண்டு பேரு தூக்கறான். ஏன் கத்தல?

— கடைக்காரரு பக்கத்துல நின்னாரு சார்.

— எவன் நின்னா என்னய்யா?

— என்னையே பாத்தாரு. கன்னத்தைத் தொட்டுப் பாத்துட்டு, இது மட்டும் அசல் மனுஷன் மாதிரியே இருக்கேன்னாரு. முதலாளிக்கு முகம் வெளுத்துப் போச்சு. என்னைத் தெரிஞ்சிடுச்சு அவருக்கு. என் கண்ணைப் பாத்தாரு. நானும் பாத்தேன். அப்படியே திரும்பி, புது மெஷின்ல செஞ்சதுன்னு சொல்லிட்டாரு. சொன்னதுக்கப்புறம் நான் எப்படி சார் கத்தறது?

— லாரியில போட்டுக் கதவை மூடிப் பூட்டினதுக்கப்புறமாவது?

— அவரு வந்து திறந்துவிடுவாருன்னு நினைச்சேன்.

— வரல.

— லாரி கிளம்பிடுச்சு சார். கடையில போய்த்தான் இறக்கினாங்க. அங்க ஒரு பொண்ணு, எனக்குச் சட்டை போட வந்துச்சு. பொம்மைக்குச் சட்டை போடணும்னா கையைக் கழட்டித்தான் போடணும். பிடிச்சு முறுக்குச்சு. நானும் முடிஞ்ச வரைக்கும் பொறுத்துக்கிட்டேன். இறுகிப் போயிருக்குன்னு சொல்லி, முழங்காலை என் நெஞ்சுல வச்சு இழுத்துச்சு. அப்பத்தான் கத்தினேன்.

— அந்தப் பொண்ணு மயங்கி விழுந்துச்சு சார். நான் வாயைத் திறக்கல, ஆனா இதைச் சொல்லியாகணும். அந்தப் பொண்ணுக்கு மனசுல அடின்னு நீங்க உடனே எழுதிக் கொடுத்துட்டீங்க. இதே மேஜை. இதே பேனா. இப்ப அது மலைப்பக்கம் போய் நல்லா ஓய்வு எடுத்துக்கிட்டிருக்கு. நல்லா இருக்கட்டும், நான் குறை சொல்லல. ஆனா அதைப் பயமுறுத்தின பொம்மை இந்தா உட்கார்ந்திருக்கு. இதுக்கு ஏன் சார் கிடையாது?

— அது வேற கேஸ் அம்மா. பொம்மை கத்தினா யாரு வேணும்னாலும் பயப்படுவாங்க.

— பொம்மைக்கே பயமா இருந்தா சார்?

— அதுக்கு எங்ககிட்ட இடம் இல்ல. பாருங்க, அந்தப் பொண்ணு உடனே கத்திச்சு. கத்திட்டு விழுந்துச்சு. அது இயற்கை. அதை வச்சுத்தான் எழுதினேன். இவரு லாரியில கத்தல. நிஜமாவே மனசு அடிபட்டவன் கத்துவான். கத்தாதவன் அப்ப நல்லா இருந்திருக்கான்னுதான் அர்த்தம். இதுக்கு மேல நான் என்னத்தை எழுதறது?

— திங்கக்கிழமை என்னைத் திரும்ப வரச் சொல்றாங்க சார். அதே வரிசைக்கு. வரலைன்னா வேலை போச்சு. நீங்க மனசுல அடின்னு எழுதினா வேற வேலை கொடுத்தாகணும், வைத்தியத்துக்கும் அவங்கதான் பாக்கணும். எழுதலைன்னா நான் போய் நிக்கணும். மணி அடிச்சா நிக்கணும். என்னால முடியாது சார். நான் கடைக்காரரையே கிள்ளிடுவேன்.

— புரியுது. ஆனா கத்தலையே.

— நீங்க கத்தியிருப்பீங்களா சார்?

— நானா? ஊரே திரண்டிருக்கும். என் குரல் அப்படி. வீட்ல உப்பு கேட்டாலே பக்கத்து வீட்டுக்காரன் எடுத்துக்கிட்டு வருவான்.

— நான் வாயைத் திறக்கல. ஆனா சொல்றது சுலபம் சார்.

— சொல்றது என்னம்மா, செஞ்சே காட்டறேன். வாங்க. ரெண்டு பேரும் எழுந்திருங்க. அந்தப் பக்கத்துக் கதவு தெரியுதா, பழைய கோப்பெல்லாம் போட்டு வச்ச அறை. அதுதான் லாரி. என்னை அப்படியே தூக்கிக்கிட்டுப் போய் உள்ள போட்டுக் கதவைச் சாத்துங்க. நான் பொம்மையா வர்றேன். சாத்தின உடனே கத்துவேன். மனுஷன்னா கத்துவான்னு நிரூபிச்சு, கேஸை முடிச்சு, சாப்பிடப் போறேன்.

— நீங்க கத்தலைன்னா?

— கத்தலைன்னா நீங்க கேட்டதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன். வேற வேலை, வைத்தியம், எல்லாம்.

— சார், நீங்க அசையாம இருந்தா நான் எப்படி சார் தூக்கறது? தூக்கும்போதே கிள்ளிடுவேனே.

— அதாவது, கால் விரலை மட்டும் ஆட்டிக்கிட்டே வர்றேன். செருப்பைக் கழட்டிட்டேன், பாருங்க. விரல் ஆடுது. பாத்துக்கிட்டே வாங்க.

— என்னங்க, நீங்க கால் பக்கம் போங்க, அப்பத்தான் விரல் தெரியும். நான் தலைப் பக்கம். பிள்ளைங்களைத் தூக்கித் தூக்கிப் பழக்கம் எனக்கு. சார், கையை இடுப்புல வைங்க. லேசா வானத்தைப் பாருங்க.

— இப்படியா?

— இன்னும் கொஞ்சம் பெருமையா. ஆங், அதுதான். தூக்குங்க.

— மெதுவாம்மா. இடுப்பு. இடுப்பைப் பிடிங்க.

— பொம்மை பேசக்கூடாது சார்.

— அடியே, ரொம்ப கனமா இருக்கேடி.

— பழைய மாடலுங்க. மூஞ்சியும் சரியா வரல பாருங்க. அடியில போடுங்க.

— அம்மா, இதெல்லாம் தேவையா?

— அப்படித்தான் சார் சொன்னாங்க. நான் ஒரு வார்த்தை கூட்டல. ஏங்க, கதவை முதுகால தள்ளுங்க. ஐயோ, என்ன தூசி. சார், மடக்கிக்குங்க, முட்டி இடிக்குது.

— சார்? சார், உள்ள இருக்கீங்களா? நான்தான் பியூன். பெரிய மேடம் திடீர்னு ஆய்வுக்கு வந்திருக்காங்க. கூட தலைமை ஆபீஸ்லேருந்து நாலு பேரு. இந்த மாடிக்குத்தான் ஏறிக்கிட்டிருக்காங்க.

— இறக்குங்க. இறக்குங்கய்யா என்னை. சீக்கிரம்.

— எங்க சார் இறக்கறது? பாதி உள்ள, பாதி வெளிய இருக்கீங்க.

— உள்ள. உள்ளயே போடுங்க. வெளிய இறக்கினா செருப்பில்லாம, சட்டை கசங்கி... மனுதாரர்கள்கிட்ட ரொம்ப நெருக்கமா இருக்கீங்கன்னு மேடம் ஏற்கெனவே சொல்லியிருக்காங்க. மனுதாரரோட பொண்டாட்டி மடியில தலையை வச்சுக்கிட்டு என்னன்னு சொல்லுவேன்? போடுங்க உள்ள. கதவைச் சாத்துங்க.

— சாத்தியாச்சு சார். இப்ப நீங்க கத்தணும்.

— சார், கேளுங்க சார். கத்துங்க. விரல் ஆடுதான்னு இங்கேருந்து எனக்குத் தெரியல.

— உஷ்.

— உஷ்ஷுன்னா என்னடி அர்த்தம்? அது கத்தறதுல சேர்த்தியா?

— சேர்த்தி இல்லைங்க.

— சார், அவங்க வந்துடப் போறாங்க சார். சும்மா ஒரு சத்தம் கொடுத்துட்டு வெளிய வந்துடுங்க. கேஸ் போனாப் போகுது. உள்ள இருட்டா இருக்கும், எனக்குத் தெரியும் சார். மூச்சை மெதுவா விடுங்க. திறந்துவிடுவாங்கன்னு மட்டும் நினைக்காதீங்க.

— என்னங்க, தள்ளி நில்லுங்க. வந்துட்டாங்க போல.

— இங்க என்ன கூட்டம்? நீங்க ரெண்டு பேரும் இன்னும் போகலையா? எங்க சார்?

— பியூன் அண்ணே, நான் வாயைத் திறக்கல. விசாரணை இன்னும் முடியல.

— சாரைக் காணோமா? செருப்பு இங்க இருக்கு. சரி, எனக்கென்ன. அம்மா, கொஞ்சம் நகருங்க. பூட்டாம கெடக்கற அறையெல்லாம் பூட்டச் சொல்லி மேடம் உத்தரவு. தலைமை ஆபீஸ்காரங்க கண்ணுல குப்பை படக்கூடாதாம். பூட்டு எங்க வச்சேன், ஆங். ஏம்பா, இந்தக் கோப்பு அறைக்குள்ள யாராவது இருக்கீங்களா?

— அதாவது, உள்ள யாரும் இல்லப்பா. பூட்டிக்கோ.

— சரிங்க சார். பூட்டிட்டேன்.